பொருத்தமான பின்னணி

கல்வித் துறைத் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் உண்டு: சுற்றறிக்கை மேடம். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். துணை இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதலாக, எந்தத் தலைவலியையும் ஒரே பக்கத்துக்குள் அடக்கி, கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு நீட்டிவிடுவாள். மேலே இருப்பவர்களுக்கு அது வசதி. கீழே இருப்பவர்களுக்கும் ஒரு வகையில் வசதிதான். தாளில் இருந்தால் செய்வார்கள், இல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். யாரும் யாரையும் குறை சொல்ல வழியில்லை.

தொற்று பரவி, பள்ளிகளை எல்லாம் இழுத்து மூடிய வருடம் அது. பாடம் போனுக்குள் போய்விட்டது. ஒரு பத்திரிகையில் கேலிச் சித்திரம் போட்டிருந்தார்கள். போனில் வாத்தியார் தொண்டை கிழியக் கத்துகிறார், எதிரே ஒரு தலையணை உட்கார்ந்து கேட்கிறது. அது அமைச்சர் கண்ணில் பட்டுவிட்டது. 'எத்தனை பிள்ளைகள் உண்மையில் பாடம் கேட்கிறார்கள், ஆதாரம் எங்கே?' என்று அங்கிருந்து கேள்வி வந்தது. இயக்குநர் கூட்டத்தைக் கூட்டினார். எல்லோரும் மேஜையில் என்னமோ எழுதியிருப்பதுபோல மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள்தான் வாயைத் திறந்தாள். "கேமராவை ஆன் பண்ணச் சொல்லிட்டாப் போதும் சார். முகம் தெரிஞ்சா வந்த மாதிரி, தெரியலன்னா ஆப்சென்ட். டீச்சர் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டும். பரீட்சை வேற ரத்து. இந்த வருகையையே மார்க்குல சேத்துட்டா எல்லாரும் ஒழுங்கா வருவாங்க."

இயக்குநர் முகம் மலர்ந்தது. ஓய்வு பெறப்போகும் ஒரு அதிகாரி மட்டும் மெல்லச் சொன்னார்: "வீட்ல எடம் இல்லாத புள்ளைங்க நெறைய இருக்கும்மா."

"ஒரு முகத்தக் காட்ட எவ்வளவு எடம் சார் வேணும்?" என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அதிகாரியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். அன்று மாலையே சுற்றறிக்கை போய்விட்டது.

பிறகு வந்து குவிந்தனவே படங்கள்! கட்டம் கட்டமாக முகங்கள். நெற்றி மட்டும் தெரியும் முகம், மூக்குத் துவாரம் மட்டும் தெரியும் முகம், தூங்கி வழியும் முகம். எந்த முகமானால் என்ன, எண்ணிக்கை ஏறியது. இயக்குநர் அந்தச் சதவீதத்தை மேலே அனுப்பினார், மேலேயிருந்து பாராட்டு வந்தது, அதில் ஒரு விள்ளல் அவளுக்கும் கிடைத்தது. நடுவில் ஓர் அறிவியல் டீச்சர் போன் செய்தார். "மேடம், சில பொண்ணுங்க கேமரா போட ரொம்ப வெக்கப்படுறாங்க" என்றார்.

"படிக்கிறதுக்கு என்னங்க வெக்கம்?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள். அவள் வீட்டில் அவள் காணொலிக் கூட்டத்துக்கு உட்காரும் இடத்துக்குப் பின்னால் புத்தக அலமாரி. துணி காயும் கம்பியைக் கூட்டம் தொடங்குமுன் காலால் தள்ளிவிடுவாள், அவ்வளவுதான். வீடு என்றால் எல்லோருக்கும் அப்படி ஒரு மூலை இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரே அண்ணன். ஒரு பெரிய தனியார் பள்ளியில் வேன் ஓட்டுபவன். தெருமுனை திரும்புமுன்பே ஹாரனை அழுத்திப் பிள்ளைகளை எழுப்பிவிடுவதால் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ஹாரன் மாமா. அவன் மகள் அதே பள்ளியில் கட்டணச் சலுகையில் படித்தாள். வாயைத் திறந்தால் காரம் என்பதால் குடும்பத்தில் அவளை மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். அத்தை என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அத்தைக்கு வேலை, கூட்டம், பயணம். அண்ணன் வீட்டுக்குப் போய் வெகு காலம் ஆகியிருந்தது. பள்ளி மூடிய பிறகு ஒருமுறை அண்ணனிடம் போனில் நலம் கேட்டாள். "ஜோரா ஓடுதும்மா, ஒரு கொறையும் இல்ல" என்றான். வேன் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஜோராக ஓடுகிறது என்று அவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

இப்படி இருக்கையில்தான் இயக்குநருக்குத் திடீர்ச் சோதனை செய்யும் ஆசை வந்தது. கூட்ட அறையில் பெரிய திரை. நீள மேஜையைச் சுற்றி அதிகாரிகள், நடுவில் இயக்குநர், அவர் பக்கத்தில் அவள். கணினிப் பிரிவு அலுவலர் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வகுப்பைத் தட்டினார். ஏதோ ஓர் அரசுப் பள்ளி, பத்தாம் வகுப்பு, அறிவியல். டீச்சர் பதறிப்போய், "பெரிய அதிகாரிங்க வந்திருக்காங்க, எல்லாரும் வணக்கம் சொல்லுங்க" என்றார். வணக்கம் முன்னும் பின்னுமாகச் சிதறி வந்தது.

போன் பெற்றோருடையது என்பதால் கட்டங்களின் கீழே வினோதமான பெயர்கள். 'அம்மா புது நம்பர்', 'மளிகைக் கடை', 'பெரியப்பா'. ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக இருந்தது. அதன் கீழே 'ஸ்கூல் வேன்' என்று எழுதியிருந்தது. ஊரில் எத்தனையோ வேன். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மிளகு படிப்பது தனியார் பள்ளியில் அல்லவா?

இயக்குநர் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அந்த ஸ்கூல் வேன் யாரும்மா? கேமரா ஏன் ஆஃப்ல இருக்கு?"

டீச்சர் தவித்தார். பிறகு கரகரவென்று ஒரு சின்னக் குரல். "நெட் வீக்கா இருக்கு மேடம்."

"நெட் வீக்குன்னா குரல் மட்டும் எப்படிம்மா அறுபடாம வருது?" மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. அவளுக்கு உற்சாகம் கூடிப்போனது. "ஆன் பண்ணும்மா. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கறுப்புக் கட்டம் வெளிச்சமானது. கணினி அலுவலர் அதை முழுத் திரைக்குப் பெரிதாக்கிவிட்டார்.

திரையில் மிளகு இருந்தாள்.

அவளுக்குப் பின்னால் வீடு இருந்தது. வீடு என்றால் ஒரே அறை. தரை முழுக்கச் செருப்புக் கடைக்கான அட்டைப் பெட்டிகள், பாதி ஒட்டியவை, ஒட்டாதவை, கூரை வரை அடுக்கியவை. தலைக்கு மேலே கயிற்றில் ஈரத் துணிகள், உள்ளாடைகள் உட்பட. மூலைக் கட்டிலில் மருத்துவமனைச் சீருடையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துச் சுருண்டு தூங்கும் அண்ணி. அவள் அங்கே வார்டைக் கழுவுகிறவள். நடுவில், பசைச் சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தான் அண்ணன். கிழிந்த பனியன். தானே வெட்டிக்கொண்டது போல மேடும் பள்ளமுமான தலை. முழங்கை வரை பசை.

மகள் முன்னால் இருந்த போனில் தன் உருவம் அசைவதைப் பார்த்துவிட்டான். அவ்வளவு தூரத்தில் போனுக்குள் இருக்கும் முகங்கள் அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் யாரோ இருக்கிறார்கள் என்று புரிந்து, பசை வழியும் கையைத் தூக்கி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"டீச்சரா கண்ணு? வணக்கம் டீச்சர்! சாப்டீங்களா?"

வகுப்பில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பிறகு இன்னும் சிலர். இயக்குநர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்னங்க இது, வகுப்பா பட்டறையா? யாரு அந்த ஆளு?" என்றார்.

அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பேசாமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வி அப்படியே காற்றில் போயிருக்கும். ஆனால் அவளுக்குக் காதோரம் சூடேறிவிட்டது. மேஜையைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் அவள் உடுப்பைக் களைந்து பார்த்துவிட்டதுபோல இருந்தது. மூளை யோசிக்குமுன் வாய் முந்திக்கொண்டது.

"யாருன்னு தெரியல சார்."

அதோடும் விடவில்லை. திரையைப் பார்த்து, அதிகாரக் குரலில், "அந்த ஆளக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லும்மா" என்றாள்.

மைக் முழு நேரமும் திறந்தே இருந்தது. மிளகு நேராக அவளைப் பார்த்தாள். திரையில் அப்படித்தான் தெரிந்தது. பெரிய கண், இமைக்காமல்.

"சரி மேடம்" என்றாள். கட்டம் மீண்டும் கறுத்து, பிறகு காணாமலே போனது.

இயக்குநர் அடுத்த வகுப்புக்குத் தாவினார். தேநீர் வந்தது. அவள் முன் வைத்த தேநீரில் ஆடை படிந்தது. எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடியைப் பார்க்க முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சாயங்காலம் போன் செய்து பேசிவிடலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் போனைக் கையில் எடுத்தாள். 'அண்ணன்' என்ற பெயரைத் திரையில் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

அதைவிடக் கேவலமான காரியம் மறுநாள் நடந்தது. இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, "நேத்து பாத்தீங்க இல்ல, அந்த மாதிரி எசகுபிசகான காட்சியெல்லாம் அமைச்சர் பாத்தா என்ன ஆகும்? ஒரு வரி சேத்துடுங்க" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் அவர்கள் இருவர்தான். அவள் சொல்லவில்லை. தன் இடத்துக்கு வந்து தட்டச்சு செய்தாள்: 'மாணவர்கள் பொருத்தமான பின்னணியில் அமர்தல் வேண்டும். குடும்ப உறுப்பினர்கள் திரையில் தென்படுதல் கூடாது.'

"பொருத்தமான பின்னணி! நல்லா இருக்கே" என்று ரசித்துக் கையெழுத்திட்டார் இயக்குநர்.

சில நாள் கழித்து அந்த அறிவியல் டீச்சரே போன் செய்தார். குரல் கம்மியிருந்தது. "மேடம், அன்னைக்கு நீங்க பேசின பொண்ணு, அந்த ஸ்கூல் வேன், அதுக்கப்புறம் வகுப்புக்கே வரல. புது ஆர்டர் வந்த பிறகு இன்னும் சில புள்ளைங்களும் நின்னுட்டாங்க. அந்தப் பொண்ணு இந்த வருஷந்தான் எங்க ஸ்கூலுக்கு வந்தா. அப்பாவுக்கு வேலை போனதால தனியார் ஸ்கூல்ல ஃபீஸ் கட்ட முடியாம இங்க சேத்தாங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு மேடம். ஆப்சென்ட் போட எனக்குக் கை வரல. என்ன பண்ணட்டும்?"

"நான் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் காலை விடுப்பு சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டே போனாள். காலில் விழவேண்டுமானாலும் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். குறுகலான சந்து, அதைவிடக் குறுகலான படிக்கட்டு. பாதிப் படியில் பசைச் சட்டியோடு உட்கார்ந்திருந்தான் அண்ணன். இரண்டு பக்கமும் பெட்டிகள். மேலே போகிறவர்கள் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அட! யாரு வந்திருக்கா!" என்று எழுந்தவன் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெதுவாப் பேசு. உள்ள கிளாஸ் நடக்குது."

"நீ ஏண்ணா படியில உக்காந்திருக்க?"

"புது ஆர்டர் வந்திருக்கில்ல? வீட்டாளுங்க யாரும் தெரியக் கூடாதாம், பின்னாடி நீட்டா இருக்கணுமாம். சரியாத்தான் சொல்லியிருக்காங்க. படிக்கிற எடத்துல நமக்கென்ன வேலை? மிளகுக்கு அட்டையிலேயே ஒரு ரூம் கட்டிக் குடுத்துட்டேன். உங்கண்ணி டூட்டி முடிஞ்சு வந்தா கீழ் வீட்டுக்காரம்மா வராந்தாவுல கொஞ்ச நேரம் படுத்துக்குவா." பசைக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டினான். "யாரோ நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்கன்னு அன்னைக்கே நெனச்சேன். உண்மையச் சொல்லு, நீதானே எழுதின?"

"ஆமாண்ணா."

"பாத்தியா! தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னேன், இது எந்தங்கச்சி கைவேலையாத்தான் இருக்கும்னு."

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "அண்ணா, அன்னைக்கு கிளாஸ்ல ஒரு மேடம் வந்து பேசினாங்க இல்ல..."

"ஆமா ஆமா, சொன்னாளே!" அவன் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "பெரிய ஆபீசராம். நல்லாப் படிக்கிறம்மா, இன்னும் நல்லா வரணும்னு சொன்னாங்களாம். இயர்போன் போட்டிருந்தா, எனக்கு ஒண்ணும் கேக்கல. நான் பாட்டுக்கு வணக்கம் சொல்லிட்டு இருந்தேன். அவங்களும் பதிலுக்கு வணக்கம் சொன்னாங்களாம். உனக்குத் தெரிஞ்ச மேடமா?"

அவள் கோத்து வைத்திருந்த வார்த்தை எல்லாம் அறுந்து விழுந்தது. "தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

"நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு. போ, உள்ள போ. சத்தம் போடாதே."

அறைக்குள் செருப்புப் பெட்டி அட்டைகளை ஒட்டி, ஆள் உயரத்துக்கு ஒரு தடுப்பு எழுப்பியிருந்தான். உட்புறம் அச்சு இல்லாத வெள்ளைப் பக்கம். ஒரு சுருக்கம் இல்லை. தடுப்புக்குள் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தாள் மிளகு. எதிரே நிறுத்தியிருந்த போன் அணைந்து கிடந்தது. மடியில் அறிவியல் புத்தகத்தை விரித்து வைத்துத் தானே படித்துக்கொண்டிருந்தாள். அத்தையைப் பார்த்ததும் இயர்போனைக் கழற்றினாள்.

"உக்காருங்க மேடம்."

"அத்தைன்னு கூப்பிடு கண்ணு." இருவரும் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள்.

"அன்னைக்கு யாருன்னு தெரியலன்னு சொன்னீங்க. அப்போ மேடம்தானே?"

படியில் அண்ணன் பெட்டியைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லி மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன். நீ ஏதோ வேற கதை சொல்லி வச்சிருக்க."

மிளகின் முகம் மாறியது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாசத்தில் அல்ல, எங்கே எழுந்து போய்விடுவாளோ என்ற பயத்தில். "சொல்லாதீங்க. சொன்னா உங்களுக்கு லேசாயிடும். அப்பாவுக்கு? வேன் போனதுக்கப்புறம் அவருக்கு வெளிய பேச இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். அதையும் எடுத்துடாதீங்க."

"சரி" என்றாள். "சொல்லல."

பிடி தளர்ந்தது. "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

ஏதேதோ சொல்லியிருக்கலாம். மேலதிகாரி இருந்தார், அவசரம், தடுமாற்றம் என்று. அந்த வெள்ளை அட்டைச் சுவருக்கு நடுவே அதெல்லாம் வாயில் வரவில்லை. "வெக்கமா இருந்துச்சு."

"எங்களப் பாத்தா?"

"ஆமா."

மிளகு தலையை ஆட்டினாள், தான் போட்ட கணக்கின் விடை சரிதான் என்பதுபோல. கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. அவள் அழுதிருந்தால்கூட இவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்கு கிளாஸுக்கு வா. உனக்குக் கேமரா வேண்டாம்னு டீச்சர்கிட்ட நான் சொல்றேன்."

"எனக்கு மட்டுமா?" பழைய காரம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. "என் கூடப் படிக்கிற இன்னொரு பொண்ணும் நின்னுட்டா. அவங்க வீட்ல ஒட்டறதுக்கு அட்டை இல்ல, செவுரே இல்ல, தார்ப்பாய்தான். அவளுக்கு ஆபீஸ்ல அத்தை யாரும் கெடையாது."

படியிறங்கும்போது அண்ணன் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தான். "ஏதாவது போட்டு வச்சுக்கோ, உறுதியா இருக்கும்." மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். உள்ளே கணினி அலுவலரும் வேறு இரண்டு பேரும் இருந்தார்கள். இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"சார், கேமரா உத்தரவை வாபஸ் வாங்கணும். பின்னணி வரியையும் சேத்து. புள்ளைங்க நிக்கறாங்க."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். "என்னம்மா, நீங்க சொல்லித்தானே போட்டோம்? நாமளே போட்டத நாமளே எடுத்தா மேல என்ன பதில் சொல்றது? பாராட்டு வேற வாங்கியாச்சு."

"அன்னைக்கு பசையோட ஒருத்தர் உக்காந்திருந்தாரே சார். யாருன்னு தெரியலன்னு சொன்னேன். அவரு என் கூடப் பொறந்த அண்ணன். அந்தப் பொண்ணு என் மருமக."

கணினி அலுவலர் தன் ஷூவைப் பார்த்தார். இயக்குநர் கெட்டவர் இல்லை. சங்கடத்தோடு நெளிந்தார். "அடடா, மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. வேற ஸ்கூலப் பாத்திருப்போமே. கவலப்படாதீங்க, அந்தப் பொண்ணு வருகைய நான் சரி பண்ணச் சொல்லிடறேன். உங்களுக்கு இது கூடச் செய்ய மாட்டோமா?"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், 'சரி சார்' என்று சொல்லிவிடலாமா என்று மனம் சபலப்பட்டதையும் அவள் கவனித்தாள். தன்னைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள இன்னும் மிச்சம் இருந்தது போலும். "எல்லாருக்கும் எடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கோப்பு போனது, 'பரிசீலனையில்' என்று திரும்பி வந்தது, அங்கேயே படுத்துக்கொண்டது.

அவள் வேறு வழி பார்த்தாள். தலைமையாசிரியர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தாள். "கேமரா இல்லாட்டியும் வந்ததாப் போட்டுக்குங்க, நான் சொல்றேன்" என்றாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "எழுத்துல குடுத்துடுங்க மேடம்." வாய் வார்த்தையை நம்பாதே, தாள் கேள் என்று இத்தனை வருடமாக அவர்களுக்குப் பழக்கியவளே அவள்தான். இப்போது அவர்கள் பாடத்தை ஒப்பித்தார்கள்.

எழுத்திலேயே கொடுத்தாள். இயக்குநரிடம் காட்டாமல், தன் கையெழுத்தோடு. 'கேமரா கட்டாயமில்லை. குரலோ, விடைத்தாளோ, தொலைபேசி அழைப்போ வருகையாகக் கொள்ளப்படும். பின்னணி குறித்த அறிவுரை விலக்கிக்கொள்ளப்படுகிறது.' அவள் எழுதியவற்றிலேயே அதுதான் மிகச் சின்னது. சில பள்ளிகள் அதன்படி நடந்தன. சில பள்ளிகள் எந்தத் தாள் செல்லும் என்று விளக்கம் கேட்டு எழுதின. அறிவியல் டீச்சர் மட்டும் ஒருநாள் கூப்பிட்டார். "ஸ்கூல் வேன் வந்துட்டா மேடம். கேமரா ஆஃப்தான். ஆனா கேள்விக்கெல்லாம் அவதான் மொதல்ல பதில் சொல்றா. அந்தத் தார்ப்பாய் வீட்டுப் பொண்ண மட்டும் புடிக்க முடியல. குடும்பத்தோட எங்கயோ போயிட்டாங்களாம்."

அனுமதியில்லாமல் கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டார்கள். கொடுத்தாள். கொஞ்ச நாளில் பாடநூல் கிடங்குக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று தாளில் எங்கும் இல்லை, நிர்வாகக் காரணம் என்றுதான் இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று அவளுக்கும் தெரியும்.

அவள் கிடங்கில் பொறுப்பேற்ற சில நாளிலேயே அரசு அறிவித்தது: இந்த ஆண்டு எல்லோரும் தேர்ச்சி. வருகை, மதிப்பெண் எதுவும் கணக்கில் இல்லை. அந்தச் செய்தியை அவள் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நின்று வாசித்தாள். அத்தனை முகம், அத்தனை படம், அத்தனை சதவீதம். எதற்கும் பிரயோசனம் இல்லை. ஒரு பிள்ளையின் வீட்டைக்கூட யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிகள் திறந்த பிறகு அண்ணனுக்கு வேன் வேலை திரும்பக் கிடைத்தது. விடுமுறை நாட்களில் கிடங்கிலிருந்து பள்ளிகளுக்குப் புத்தகம் ஏற்றிப்போகும் வாடகையும் பிடித்துக்கொண்டான். வாசலுக்கு வருமுன்பே ஹாரன் கேட்கும். மூட்டை தூக்குபவர்களிடம், "இவ்வளவு புத்தகத்துக்கும் எந்தங்கச்சிதான் பொறுப்பு" என்பான். இந்த மாற்றலைப் பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் திருத்தவில்லை. அவன் புகழப் புகழத் தலையைக் குனிந்துகொள்வாள். அதை அவன் அடக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் வேனின் முன் சீட்டில் மிளகும் வந்திருந்தாள். இறங்கவில்லை. அண்ணன் உள்ளே கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, அவள் வேனருகே போய் நின்றாள். மிளகு வளர்ந்திருந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் அத்தை என்றும் கூப்பிடவில்லை, மேடம் என்றும் கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசப் பழகிக்கொண்டாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்." மிளகு கண்ணாடி வழியே கிடங்கைப் பார்த்தாள். பிறகு, "அப்பா இன்னும் கேட்டுட்டே இருக்காரு" என்றாள், "அந்த மேடம் இப்ப எங்க இருக்காங்க, பாத்து ஒரு வணக்கம் சொல்லணும்னு."

"நீ என்ன சொன்ன?"

"மாத்தலாயிட்டாங்கன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா, அல்லது இரண்டும் தீர்ந்துபோய் வேறு ஏதாவதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எங்கன்னு கேட்டா?" என்றாள்.

"தெரியலன்னு சொல்லுவேன்."

அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறினான். "பேசினீங்களா ரெண்டு பேரும்? பேசிக்கங்க, பேசிக்கங்க" என்று வண்டியைக் கிளப்பினான். அவள் வழிவிட்டு ஓரமாக நகர்ந்தாள். வேன் வாசலைத் தாண்டித் திரும்பும் வரை நின்றுவிட்டு, அடுத்த பள்ளிக்குப் போக வேண்டிய அறிவியல் புத்தகக் கட்டுகளை எடுத்துவைக்க உள்ளே போனாள்.